பத்தாவது ஆள்

டிசம்பர் 29, திங்கள்

ஃபாதர் தெனமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்காரு. "ஜெசிந்தா, போற எடத்துல எல்லாம் என்னைக்கு யாரைப் பாத்தே, அவங்க என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. தேதி போட்டு எழுது"ன்னாரு. இது எனக்க மொவ அபிஷாவுக்க கணக்கு நோட்டு. எழுதின ஆறு தாளைக் கிழிச்சதுக்கு அவ ஒரு மணி நேரம் மொகத்தைத் தூக்கி வச்சிட்டு இருந்தா.

விவரம் இதுதான். எனக்க வீட்டுக்காரரு பேரு செலஸ்டின். 'கிருபை மாதா' போட்டுக்கு ஸ்ராங்கு. போட்டை ஓட்டுகதும், வலை எங்க போடணும்னு சொல்லுகதும், ஆளுகளுக்குப் பொறுப்பும் எல்லாம் அவியதான். நவம்பர் மூணாம் தேதி தேங்காப்பட்டணத்துல இருந்து அந்தமான் பக்கம் சூறை மீனுக்குப் போனாவ. இருபத்தேழாம் தேதி புயலு. அண்ணைக்கு மத்தியானம் ஒயர்லெஸ்ல பேசினதுதான் கடைசி.

அதிகாரிமாரு லிஸ்ட்டுல ஒம்பது பேரு. போனது பத்து பேரு. பத்தாவது எனக்க தம்பி ததேயுஸ். அவனுக்கு மீனவர் கார்டு கெடையாது, அதனால அவன் பேரு எந்தத் தாள்லயும் இல்ல. எனக்க அம்மா மட்டும் யாரு வந்தாலும் "பத்து பேராக்கும்"னு சொல்லுவா. ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாவ.

இண்ணைக்குக் காலையில கலெக்டர் ஆபீசுல இருந்து போன். நிக்கோபார்ல கமோர்ட்டான்னு ஒரு தீவு. அங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆளு கெடக்காம். பேச்சில்ல. நிக்கரு பையில செலஸ்டின்னு பேரு போட்ட கார்டு இருந்துதாம், அதுல உள்ள படம் உப்புத்தண்ணியில அழிஞ்சு போச்சாம்.

கோயில் மணி அடிச்சாவ. வாட்சாப்புல ஒரு படமும் வந்தது. தாடியும், வீங்கிப்போன மொகமும், தொலி உரிஞ்ச நெத்தியும். "மூக்கைப் பாரு, அண்ணனுக்க மூக்கேதான்"னு கொழுந்தன் கத்துகான். நான் ஒருக்க பாத்தேன். ஒருக்க பாத்தாப் போதும்னு போனைக் குடுத்தேன். அபிஷா கேட்டா, அவளுக்குக் காட்டல. பிள்ளை பயந்துருவா.

கொழுந்தன் கூட வாறேன்னான். வேண்டாம், நான் ஒத்தைக்கே போறேன்னு சொன்னேன். என்ன பிடிவாதம்னு எல்லாருக்கும் கோவம்.

சாயந்திரம் மத்த எட்டு வீட்டுப் பொம்பளையளும் வந்தாவ. "ஒனக்க ஆளு வாயைத் தொறந்தா எங்க ஆளு எங்கன்னு கேட்டுட்டு வா"ன்னு சொன்னாவ. சரின்னேன்.

ஜனவரி 2, வெள்ளி

சென்னையில இருந்து கப்பல். பங்க் கிளாஸ், ஒரு ஹால்ல இருநூறு பேரு. மூணு ராத்திரி.

பையைத் தொறந்தேன். அவியளுக்கு ரெண்டு கைலி வச்சிருந்தேன். மூணாவதா ஒரு பச்சைக் கைலி கெடக்கு. அம்மா வச்சிருக்கா. ததேயுஸுக்க கைலி. இதைப் பாத்ததும் எனக்கு அம்மா மேல அப்பிடி ஒரு கோவம். எதுக்குன்னு தெரியல.

ஜனவரி 4, ஞாயிறு

பூசை இல்லாத ஞாயிறு. செபமாலை சொன்னேன், பாதியில ரெண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போச்சு.

கடல்கரையில பொறந்து முப்பத்தெட்டு வருசம், கடலுக்குள்ள நான் வாறது இப்பம்தான். எங்க ஊருல பொம்பளைய போட்டுல ஏற மாட்டாவ. கரையில நிண்ணு வழியனுப்புகதோட சரி. இண்ணைக்கு மேல்தட்டுல போய் நிண்ணு பாத்தேன். நாலு பக்கமும் தண்ணி. ஒரு காக்கா கூட இல்ல. இவ்வளவு பெருசுன்னு அவிய ஒருநாளும் எனக்குச் சொன்னதில்ல. மாசக்கணக்குல கடல்ல கெடந்து தங்கலு முடிஞ்சு வந்தா, "கடலு எப்பிடி"ன்னு கேட்டா, "கெடக்கு"ன்னுதான் சொல்லுவாவ. பதினாலு வருசம் இதே பதிலு.

சோறும் பருப்பும் வாயில வைக்க வெளங்கல. ரெண்டு தடவை வாந்தி.

ஜனவரி 6, செவ்வாய்

நேத்து போர்ட் பிளேர் வந்தாச்சு. பாதி ஊரு தமிழ் பேசுது. கன்னியாஸ்திரிமாரு விடுதியில எடம் குடுத்தாவ. நிக்கோபாருக்குப் போக தனியா பாஸ் வேணுமாம், அது அங்கத்த ஆதிவாசி மக்களுக்க நெலமாம். ஆபீசுல ஒருத்தன் கேக்கான், "நீங்கதான் மனைவின்னு என்ன ஆதாரம்?" பதினாலு வருசமா அவியளுக்கு மீன் கொழம்பு வைக்கேன், வேற என்ன ஆதாரம் வேணும்னு கேட்டேன். கல்யாண சர்ட்டிபிகேட்டைக் காட்டின பெறவு வாங்கி வச்சான்.

ஜனவரி 8, வியாழன்

பாஸ் வரல. துணி தொவச்சேன். அபிஷா போன்ல "அப்பாட்ட பேசினியா"ன்னு கேட்டா.

ஜனவரி 10, சனி

பாஸ் கெடச்சது. தெற்க போற சின்னக் கப்பல். அங்கன்வாடி வேலை பாக்குற ஒருத்தி பக்கத்துல இருக்கா, பேரு பரமேஸ்வரி. கமோர்ட்டாவுக்கு எதுத்தாப்புல கச்சால் தீவு. அவ தாய்தகப்பனை சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்து அனுப்பி, கச்சால்ல ரப்பர் தோட்டத்துல குடியேத்தினாங்களாம். இவ பொறந்ததே தீவுலதான். தமிழும் இந்தியும் நிக்கோபாரியும் பேசுகா. "எங்களுக்கு எல்லா ஊரும் ரெண்டாவது ஊருதாங்க்கா"ன்னு சொல்லிச் சிரிச்சா.

பத்து டிகிரி கால்வாய்னு ஒரு எடம் தாண்டும்போ கப்பலு ஆடின ஆட்டத்துல சாமானெல்லாம் உருண்டது. கார் நிக்கோபார்ல ஆளுகளையும் பன்னிக்குட்டியளையும் எறக்கினாவ. பெறவு தெரசா தீவு. கரையை மறைச்சு தென்னையும், அதுக்குப் பொறத்தால காடும். மனுசன் இருக்க எடமே கொஞ்சந்தான். இந்தக் கரையில எந்த மூலையில வந்து ஒதுங்கினா யாருக்குத் தெரியும்?

"அண்ணன் படத்தைக் காட்டுங்கக்கா"ன்னு கேட்டா பரமேஸ்வரி. போன் பைக்குள்ள அடியில கெடக்குன்னு சொன்னேன். போன் எனக்க மடியிலதான் இருந்தது. அவளும் பாத்தா, ஆனா கேக்கல.

ஜனவரி 11, ஞாயிறு

பாத்தேன். நாளைக்கு எழுதுகேன்.

ஜனவரி 12, திங்கள்

கட்டில்ல இருந்தது ததேயுஸ்.

நர்ஸ் பிள்ளை வாசல்லயே எனக்க தோளைப் புடிச்சுச் சிரிச்சு, "செலஸ்டின், வைஃப்"னு உள்ள பாத்து சொல்லிச்சு. அவன் சுவரைப் பாத்து திரும்பிப் படுத்தான். கூடப் பொறந்தவன் உயிரோட கெடக்கான், எனக்குச் சந்தோசம் வரல. நீ எதுக்குடா இருக்கேன்னுதான் தோணிச்சு. எழுதிட்டேன். ஃபாதர் வாசிச்சா வாசிக்கட்டும்.

இன்னொண்ணும் எழுதணும். அந்தப் படத்துல போர்வைக்கு வெளிய ஒரு கை தெரிஞ்சது. நடுவெரலுக்க நுனி இல்ல. ததேயுஸுக்கு பதினேழு வயசுல வலை இழுக்குக வின்ச்சுல சிக்கிப் போன வெரலு அது. நான் அண்ணைக்கே பாத்தேன். கொழுந்தன் மூக்கைப் பாத்தான், நான் வெரலைப் பாத்தேன். பாத்துட்டும் ரெண்டு கப்பல் ஏறி இவ்வளவு தூரம் வந்தேன். வேற என்ன செய்ய? கோயில் மணி அடிச்சாச்சு. பிள்ளை துள்ளிக்கிட்டு நிக்கா.

நர்ஸ் போனதும் கதவைச் சாத்தினேன். "ஒனக்கு வாய் இல்லையாடே? பேச முடியாதா?"

"முடியும் அக்கா."

"எப்பத்துல இருந்து?"

"பத்து நாளா."

பத்து நாளா பேசாம கெடந்திருக்கான். எல்லாரும் செலஸ்டின்னு கூப்பிடுகாவ, இவன் திரும்பிப் பாத்திருக்கான். அடிக்கக் கை ஓங்கினேன். தொலி உரிஞ்சு வெள்ளை வெள்ளையா இருந்த அந்தத் தோளைப் பாத்து எனக்குக் கை எறங்கிடுச்சு.

பெறவு அவனே சொன்னான். எஞ்சின் ரூமுல தண்ணி ஏறின ஒடனே அவிய கார்டு எல்லாம் வச்சிருந்த பொதியை எடுத்து, ஆளாளுக்கு அவனவன் கார்டைக் குடுத்தாவளாம். எங்க ஆளுகளுக்கு அது வழக்கம்தான். கரையில ஒதுங்கினா யாருன்னு தெரியணும்லா. ஒம்பது கார்டு, பத்து ஆளு. இவன் வெறுங்கையோட நிண்ணானாம். அவிய தனக்க கார்டை இவனுக்க பையில திணிச்சு, "ஒனக்க பேரு ஒரு தாள்லயும் இல்லடே. ஒன்னை எவனும் தேட மாட்டான். என்னைத் தேடுகதுக்கு ஒனக்க அக்கா உண்டு"ன்னாவளாம். ஐஸ் பெட்டி மூடியைப் புடிச்சு இவன் மெதந்தான். கொஞ்ச நேரம் அவியளுக்க சத்தம் கேட்டுதாம், பெறவு கேக்கலையாம். மழைத் தண்ணியைக் குடிச்சே எத்தனையோ நாளு. கரையில தேங்காய் பொறுக்க வந்த நிக்கோபார் ஆளுகதான் தூக்கியிருக்காவ.

மத்த எட்டு பேரும் எங்கன்னு கேட்டேன். யாரையும் பாக்கலன்னு தலையை ஆட்டினான்.

"அத்தான் வரலையா அக்கா?"ன்னு கேட்டான். பாவி. என்ட்டயே கேக்கான்.

ஜனவரி 13, செவ்வாய்

பெரிய ஆபீசரு கூப்பிட்டாரு. இந்திக்காரரு, தங்கமான மனுசன், டீ வாங்கித் தந்தாரு. பரமேஸ்வரி கூட இருந்து மாத்திச் சொன்னா. ஒரு தாளு. 'மேற்படி நபர் என் கணவர் செலஸ்டின் என உறுதி செய்கிறேன்.' கையெழுத்துப் போட்டா சனிக்கிழமை கப்பல்ல ரெண்டு பேரும் போயிரலாம். எல்லாம் இலவசம்.

ஒரு பேச்சுக்குக் கேக்குக மாதிரி கேட்டேன், ஆளு வேற யாராவதா இருந்தா என்ன செய்வீங்கன்னு. பரமேஸ்வரி என்னை ஒரு மாதிரி பாத்தா, ஆனா அப்பிடியே கேட்டா. கார்டு இல்லாத ஆளு இந்தத் தீவுகள்ல இருந்தா பெரிய விசாரணையாம். எந்த நாடு, எதுக்கு வந்தான், எல்லாம் வேணும். மாசக்கணக்குல ஆகுமாம். அதுவரை போலீஸ் காவல்தான்.

யோசிக்கேன்னு தாளை வாங்கி மடிச்சேன். வேற யாரும் ஒதுங்கலையான்னு கேட்டேன். ஒரு போலீசுக்காரரு ரிஜிஸ்டரை எடுத்துட்டு வந்தாரு. டிசம்பர் பதினொண்ணு, கச்சால் மேற்குக் கரை, ஆண், வயது நாப்பது இருக்கும், அடையாளம் இல்லை. ஒடம்பு தாங்காததால ஊர்க்காரங்க அங்கேயே அடக்கம் பண்ணியாச்சு. மொகத்துக்க படம் பாக்காண்டாம்னு சொன்னாரு, நானும் பாக்கல. துணியை எழுதினதை மட்டும் வாசிக்கச் சொன்னேன். பரமேஸ்வரி வாசிச்சா. "நீல நிக்கர். இடுப்புல உள்பக்கமா கையால தச்ச பை, மேல பட்டன் வச்சது. பை காலி."

பட்டன் வச்ச உள்பை நான் தச்சது. கார்டு நனையாம இருக்கட்டும்னு பாலிதீன் வச்சு, ரெட்டைத் தையலு போட்டுத் தச்சது. எங்க ஊருல எத்தனையோ பேரு கேட்டாவ, நான் வேற யாருக்கும் தச்சுக் குடுத்ததில்ல.

பரமேஸ்வரி எனக்க கையைப் புடிச்சுட்டே இருந்தா. நான் டீயைக் குடிச்சு முடிச்சேன்.

ஜனவரி 14, புதன்

காலையில படகுல கச்சால். அங்கிருந்து ஜீப்பு, பெறவு நடை. ரோட்டோரத்துல பரமேஸ்வரி வீடு. நாளைக்குப் பொங்கல்னு அவ ஆளுக முற்றம் மெழுகிட்டு இருந்தாவ. என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்தினாவ.

மேற்குக் கரையில பத்துப் பன்னிரண்டு வீடு. அங்கத்த மக்களும் கிறிஸ்தவங்கதான். தென்னைக்கு நடுவுல குழி. மேல வெள்ளைப் பவளக்கல்லு அடுக்கி, பலகையில ஒரு சிலுவை வச்சிருக்காவ. அடியில ரெண்டு இளநீர், புதுசு. ஊருப் பெரியம்மா ஒருத்தி சொன்னதைப் பரமேஸ்வரி சொன்னா: "ரொம்ப தூரத்துல இருந்து உப்புத்தண்ணியில வந்தவரு, தாகமா இருப்பாருன்னு வாரத்துக்கு ரெண்டு மாத்தி வைக்கிறாங்களாம். பேரு தெரியாததால பலகையில எழுதலியாம்." அந்தம்மா எனக்கும் ஒண்ணு வெட்டித் தந்தா. குடிச்சேன்.

இதுவரை எழுதாததை இப்பம் எழுதுகேன். ததேயுஸைக் கூட்டிட்டுப் போவாண்டாம்னுதான் அவிய சொன்னாவ. "கார்டு இல்லாதவனை ஏத்தக்கூடாது ஜெசி. கார்டு எடுக்கட்டும், அடுத்த தங்கலுக்குக் கூட்டிட்டுப் போறேன்." நான் கேக்கல. அவன் கரையில கெடந்து குடிச்சுக் குடிச்சுச் சாவான், அம்மா என்ட்ட வந்து அழுவா, ஒமக்கென்ன போச்சுன்னு கேட்டேன். மூணு நாளு அவியட்ட பேசல. சோத்துத் தட்டை எடுத்து டம்முனு வைப்பேன். மூணாம் நாளு சாப்பிட்டுக் கை கழுவிட்டு, "சரி, அவனை ரெடியாகச் சொல்லு"ன்னாவ. அதுக்குப் பெறவுதான் நான் சிரிச்சேன்.

குழிக்குப் பக்கத்துல உக்காந்து அவியட்ட நல்லா சண்டை போட்டேன். நான் சொன்னதுக்கு நீரு என்னத்துக்குச் சம்மதிச்சீருன்னு கேட்டேன். அந்த ஊரு பொம்பளையளுக்கு எனக்க பாசை தெரியாது, ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகல. பெறவு நான் அழுதேன், ஊருல அழுகது போலவே மாரடிச்சு அழுதேன்.

ஜனவரி 15, வியாழன்

பரமேஸ்வரி வீட்டுப் பொங்கல். ஒரு வாய்தான் எறங்கிச்சு.

ஜனவரி 16, வெள்ளி

பரமேஸ்வரியும் கூட வந்தா. கமோர்ட்டா வந்ததும் நேரா ஆஸ்பத்திரி. பச்சைக் கைலியை ததேயுஸுக்குக் குடுத்தேன். மொகத்துல பொத்திக்கிட்டு அழுதான். கச்சால்ல பாத்ததைச் சொன்னேன். தாளையும் காட்டினேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஒன்னைக் கூட்டிட்டுப் போயிரலாம். போடலேன்னா ஒன்னைப் புடிச்சு வைப்பாவ, எத்தனை மாசம்னு தெரியாது. என்ன செய்ய?"

அவன் தாளை வாங்கிப் பாத்தான். "போட்டா அத்தான்?"

"அத்தான் அடையாளம் தெரியாத ஆளா அங்கேயே கெடப்பாவ. தாள்ல உயிரோட இருப்பாவ, குழியில பேரில்லாம இருப்பாவ."

"நான் இந்தப் பேருல வீட்டுக்கு வந்து அபிஷா மொகத்துல எப்பிடி முழிப்பேன்? போடாத அக்கா. நான் இருக்கேன், புடிச்சு வைக்கட்டும்."

குடிகாரப் பயன்னுதான் இத்தனை வருசமும் இவனை நெனச்சிருந்தேன்.

ததேயுஸையும் கூட்டிட்டு ஆபீசருட்ட போய் நிண்ணேன். பரமேஸ்வரியை மாத்திச் சொல்லச் சொன்னேன். "சார், இவன் எனக்க வீட்டுக்காரரு இல்ல. எனக்க தம்பி. எனக்க வீட்டுக்காரரை நீங்க கச்சால்ல அடக்கம் பண்ணிட்டீங்க." அவரு பேனாவைக் கீழ வச்சாரு. நெசமாத்தான் சொல்லுகீங்களா, நல்லா யோசிச்சீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு. நாலு பக்கம் எழுதி எடுத்தாவ. உள்பையைப் பத்தி மட்டும் ஒரு பக்கம். கடைசியில கார்டைக் கேட்டாவ. அதை ததேயுஸே எடுத்து மேசையில வச்சான்.

பலகையில பேரு எழுதலாமான்னு கேட்டேன். டெல்லி வரை பேப்பர் போய் வரணுமாம். பேப்பர் போவட்டும், நீங்க பெயிண்ட் வாங்கிக் குடுத்திருங்கன்னு சொன்னேன். அந்தப் போலீசுக்காரரு, யாருட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லி ஒரு டப்பா எடுத்துட்டு வந்தாரு.

ஜனவரி 17, சனி

கப்பல் போச்சு. நான் ஏறல. ததேயுஸை விடுக வரை இங்கதான் இருப்பேன்.

டவர் இருக்க மேட்டுல போய் நிண்ணு வீட்டுக்கு அடிச்சேன். அம்மா எடுத்தா.

"அம்மா, ததேயுஸ் இருக்கான்."

ஒடனே அவ கேட்டா, "அப்பம் செலஸ்டின்?"

சொன்னேன். அம்மா வாய்விட்டு அழுதா. மருமகன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதா. ஒரு மாசமா பத்து பேரு, பத்து பேருன்னு சொன்னவ, மொவன் கெடச்சதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அழுகையைக் கேட்டு பக்கத்து வீட்டுல இருந்து ஆளுக ஓடி வாறதும் கேட்டது. அதுக்குள்ள அபிஷா போனைப் புடுங்கிட்டா.

"அம்மா, அம்மாச்சி என்னத்துக்கு அழுகா? போனை அப்பாட்ட குடு."

"அப்பா செத்துப் போனாவ மக்களே. மாமாதான் இருக்கான்."

"ஆஸ்பத்திரியில இருக்கது அப்பான்னு சொன்னாவளே. கார்டு இருந்ததே."

"கார்டு அப்பாவுக்கதுதான். அப்பா அதை மாமாட்ட குடுத்துட்டாவ."

"மாமாவுக்குக் கார்டு இல்லையா?"

"இல்ல."

"கார்டு இல்லாம போட்டுல ஏத்த மாட்டாவளே. அப்பாதான் சொல்லுவாவளே."

பத்து வயசு. எல்லாம் தெரியுது அவளுக்கு. வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். நேத்து ஆபீசருட்ட நாலு பக்கம் சொன்னேன், அதுல இதைச் சொல்லல.

"அப்பா வேண்டாம்னுதான் சொன்னாவ. நான்தான் மக்களே, கேக்காம, சண்டை போட்டு மாமாவை அனுப்பி வச்சேன்."

அவ போனை வைக்கல. பொறத்தால அம்மா அழுகது கேட்டது, அதுக்கு முன்ன அபிஷா மூச்சு விடுகது கேட்டது. நானும் வைக்கல. சார்ஜ் தீருக வரை ரெண்டு பேரும் அப்பிடியே நிண்ணோம்.